இரண்டாவது நோயாளிக்கு ஏன் அறுவை நடக்கவில்லை?

2017 மார்ச் 16 தேதியிட்ட ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாகியிருந்தன. இரண்டும் கண் நோய் பற்றியவை. இரண்டிலும் நோயாளிகள் முதியவர்கள். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகி, எதிரில் இருப்பவரின் முகமே தெரியாமல் போகும் மாகுலர் சிதைவு நோய் அவர்களுக்கு. இரண்டிலும் நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த செல்களைத்தான் கண்ணுக்குள் வைத்தார்கள். இரண்டுக்கும் வெளியில் சொல்லும் பெயர் ஒன்றுதான்: ஸ்டெம் செல் சிகிச்சை.

முதல் கட்டுரை ஜப்பானின் கோபே நகரில் நடந்ததைச் சொன்னது. 77 வயதுப் பெண்மணி ஒருவரின் ஒரு கண்ணில் மட்டும், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சிறு செல் தகடு ஒன்றை 2014 செப்டம்பரில் வைத்திருந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது தகடு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை. இரண்டாவது கட்டுரை அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தைப் பற்றியது. 72 முதல் 88 வயது வரையான மூன்று பெண்களுக்கு, வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்த செல்களை ஒரு தனியார் கிளினிக்கில், ஒரே நாளில் இரண்டு கண்களிலும் ஊசி போட்டுச் செலுத்தியிருக்கிறார்கள். கட்டணம் ஆளுக்கு 5,000 டாலர். சில நாட்களிலேயே கண்ணுக்குள் ரத்தக் கசிவும் விழித்திரை கழன்றுவிடுதலும் வந்தன. மூவருமே பார்வையைப் பெருமளவு இழந்தார்கள். பாதிப்பு மிகுந்த கண்ணில் வெளிச்சம்கூடத் தெரியாமல் போனது.

ஒரு கண், இரண்டு கண். இந்த ஒரு வேறுபாட்டிலேயே விஷயத்தின் பாதி இருக்கிறது. பரிசோதனை நிலையில் இருக்கும் சிகிச்சையைக் கண் மருத்துவர் எவரும் ஒரே நாளில் இரு கண்ணிலும் செய்யமாட்டார். தவறினால் ஒரு கண்ணாவது மிஞ்சவேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகவே வந்திருக்கும். கோபேயில் அந்தச் செல்களை வளர்த்த குழுவின் தலைவர் விஞ்ஞானி மட்டுமல்ல, நோயாளிகளைப் பார்த்துவந்த கண் மருத்துவரும்கூட. பெயர் மசாயோ தகஹாஷி. இப்படி ஆய்வுக்கூடத்திலும் நோயாளியின் பக்கத்திலும் ஒரே ஆளாக நிற்பவர்களை மருத்துவ விஞ்ஞானிகள் என்கிறோம். ஸ்டெம் செல் சிகிச்சைகளில் இன்று உண்மையாகப் பயன் தருபவற்றின் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒருவரோ ஒரு குழுவோ இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலையில் பாதி, ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்வது.

முதலில் ஸ்டெம் செல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம் உடலின் பெரும்பாலான செல்கள் ஒரே வேலைக்கென்று ஆகிவிட்டவை. நரம்புச் செல் நரம்புச் செல்லாகவே வாழ்ந்து முடியும். ஸ்டெம் செல் அப்படி இன்னும் முடிவாகாதது. அது பிரிந்து தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும். தேவைப்படும்போது குறிப்பிட்ட வேலைக்கான செல்லாகவும் மாறும். எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள்தான் வாழ்நாள் முழுவதும் நமக்குப் புது ரத்தத்தைத் தந்துகொண்டிருக்கின்றன. கருவிழியின் விளிம்பில் இருப்பவை அதன் மேல்தோலைப் புதுப்பிக்கின்றன. இவை போக, 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, எலியின் சாதாரணச் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருநிலைச் செல்லைப் போன்ற நிலைக்குத் திருப்பிக் காட்டினார். அடுத்த ஆண்டு மனிதச் செல்லிலும் அதைச் செய்தார். ஐபிஎஸ் செல் என்று அழைக்கப்படும் இதிலிருந்து உடலின் எந்தச் செல்லையும் வளர்க்க முடியும். 2012இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவரும் எலும்பு அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்று ஆய்வுக்கு வந்தவர்தான்.

இந்த ஆற்றலிலேயே அபாயமும் இருக்கிறது. பெருகத் தெரிந்த செல்லுக்கு நிறுத்தத் தெரியாமல் போனால் அது கட்டி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடலாம். செல் உள்ளே போய் ஒட்டிக்கொண்டு வளர ஆரம்பித்துவிட்டால் அதைத் திரும்ப எடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். ஆகவே எந்தச் செல்லை, எவ்வளவு, எந்த நோயாளிக்கு, நோயின் எந்தக் கட்டத்தில் என்ற கேள்விகள் இங்கே மற்ற மருத்துவத்தைவிடக் கனமானவை. செல்லை மட்டும் தெரிந்தவரால் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. நோயை மட்டும் தெரிந்தவராலும் முடியாது.

தகஹாஷி கியோட்டோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1990களின் நடுவில், நரம்பு அறுவை மருத்துவரான கணவர் ஜுன் தகஹாஷியுடன் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். மூளையின் ஸ்டெம் செல்கள் பற்றி அங்கே நடந்த ஆய்வைப் பார்த்தவருக்கு, இதை விழித்திரைக்குக் கொண்டுவர முடியுமா என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து கோபே அறுவை அரங்கை அடைய ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

கண்ணைத் தேர்ந்தெடுத்ததில் மருத்துவர் ஒருவரின் கணக்கு இருக்கிறது. வைத்த செல்லை வெளியிலிருந்தே, கண் பாப்பா வழியாக, வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்க முடியும். ஸ்கேன் எடுத்தால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மாற்றம்கூடத் தெரியும். கல்லீரலிலோ மூளையிலோ வைத்தால் இவ்வளவு எளிதாகக் கண்காணிக்க முடியாது. தேவைப்படும் செல்களும் குறைவு. விழித்திரைக்கு அடியில் நிறமிச் செல்கள் ஒரே அடுக்காக இருக்கின்றன. ஒளியை உணரும் செல்களுக்கு ஊட்டம் கொடுப்பதும் அவற்றின் கழிவை அகற்றுவதும் இவற்றின் வேலை. மாகுலர் சிதைவில் முதலில் சீர்கெடுவது இந்த அடுக்கு. நிறமிச் செல்கள் பழுப்பாக இருப்பதால், வளர்ப்புத் தட்டில் வேறு வகைச் செல் கலந்திருந்தால் பழகிய கண்ணுக்கு நிறத்திலேயே பிடிபடும். தூய்மையைச் சோதிக்கும் மற்ற முறைகளோடு இதுவும் ஒரு பாதுகாப்பு.

நோயாளியின் தோலிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்து, அந்தச் செல்களை ஐபிஎஸ் நிலைக்குத் திருப்பி, பிறகு நிறமிச் செல்களாக வளர்த்து, தகடாக்கி, கட்டி உண்டாகிறதா என்று எலிகளில் பார்த்து, மரபணுத்தொடரை ஆராய்ந்து முடிக்க ஏறத்தாழ 10 மாதங்கள். கடைசியில் கண்ணுக்குள் போன தகடு 3 மில்லிமீட்டர் நீளம், 1.3 மில்லிமீட்டர் அகலம். 2014 செப்டம்பர் 12 அன்று அறுவை நடந்தது. உலகில் ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த திசு மனித உடலுக்குள் போனது அதுவே முதல் முறை.

நோபல் பரிசு அறிவிப்பு முடிந்து இரண்டே ஆண்டுகள்தான். நாடே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. பார்வை திரும்பிவிடும் என்று நோயாளிகள் நினைத்தார்கள். தகஹாஷி அதற்கு முன்பிருந்தே பொதுவெளியில் சொல்லிவந்தது வேறு: இது முதலில் பாதுகாப்பைப் பார்க்கும் முயற்சி, இறந்துபோன ஒளியுணர் செல்களை இந்தத் தகடு உயிர்ப்பிக்காது, மேலும் கெடாமல் நின்றாலே பெரிது. அப்படித்தான் ஆனது. அந்தப் பெண்மணிக்கு அதற்கு முன்பு கண்ணுக்குள் பலமுறை மருந்து ஊசி போடவேண்டியிருந்தது. தகடு வைத்தபின் ஓராண்டில் அந்த ஊசி தேவைப்படவில்லை. நோயோடு வாழ்கிறவருக்கு அது சிறிய விஷயமல்ல.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். இரண்டாவது நோயாளி ஒருவர் இருந்தார். அவருடைய தோலிலிருந்தும் செல் எடுத்து, மாற்றி, வளர்த்துவிட்டார்கள். அறுவைக்கு முன் செய்த மரபணுச் சோதனையில், வளர்த்த செல்களில் மூன்று இடங்களில் மாற்றம் தெரிந்தது. அந்த மாற்றங்களால் கட்டி வரும் என்று எவரும் நிரூபித்திருக்கவில்லை. எலிகளில் கட்டி வரவில்லை. ஆனாலும் 2015இல் குழு அறுவையை நிறுத்தியது. ஒருவருக்கென்று தனியாகச் செல் வளர்ப்பதன் செலவையும் காலத்தையும் எடைபோட்டு, பொருத்தம் பார்த்து முன்கூட்டியே சேமித்த கொடையாளிச் செல்களுக்கு மாறுவதென்று முடிவெடுத்தது. 2017 மார்ச்சில் கொடையாளியின் செல்லிலிருந்து வளர்த்த நிறமிச் செல்களை வேறொரு நோயாளிக்குச் செலுத்தினார்கள்.

நிறுத்தியபோது, ஐபிஎஸ் முயற்சி தோற்றுவிட்டது என்ற பேச்சும் எழத்தான் செய்தது. எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமான நாளாகத் தோன்றுவது அறுவை நடந்த நாளைவிட, நடக்காமல் போன அந்த நாள்தான். பத்து மாத உழைப்பு தட்டில் தயாராக இருக்கிறது. எதிரே காத்திருக்கும் நோயாளி. மேலே உலகத்தின் கண். மருத்துவராக அந்த நோயாளியின் நிலையையும் தகஹாஷி எண்ணிப்பார்க்க வேண்டியிருந்தது: இது உயிரை எடுக்கும் நோயல்ல. பார்வை குறைந்தாலும் அவர் வாழப்போகிறவர். அப்படிப்பட்டவருக்கு, தெளிவாகாத ஓர் அபாயத்தைக் கொடுக்கும் உரிமை நமக்கு உண்டா? சாகும் தறுவாயில் இருக்கும் புற்றுநோயாளி என்றால் இதே கணக்கு வேறுமாதிரி வந்திருக்கும்.

அப்படி வேறுமாதிரி வந்த கதைதான் ஸ்டெம் செல் சிகிச்சையிலேயே மூத்தது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இன்று நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளில் நடக்கும் காரியம். 2012 முடிவதற்குள் உலகில் 10 லட்சத்துக்கும் மேல் நடந்துவிட்டது. அதன் தொடக்கமோ தொடர்ந்து மரணங்கள்.

டோனல் தாமஸ், டெக்சாஸ் மாநிலத்தில் கிராமத்து மருத்துவர் ஒருவரின் மகன். 1950களில் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் வேலை பார்த்தார். ரத்தப் புற்றுநோயாளியின் கெட்ட மஜ்ஜையைக் கதிர்வீச்சாலும் மருந்தாலும் அழித்துவிட்டு, பழைய பயிரை அழித்த வயலில் புது நாற்று நடுவதைப் போல, இன்னொருவரின் நல்ல மஜ்ஜையைச் செலுத்தினால் என்ன என்பது அவருடைய எண்ணம். 1957இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஆறு நோயாளிகள். மஜ்ஜையைச் சாதாரணமாக ரத்தக்குழாய் வழியே ஏற்றலாம் என்பது அதில் தெரிந்தது. ஓரிருவரிடம் அது சிறிது காலம் பிடித்தது. ஆறு பேரும் இறந்துபோனார்கள்.

அந்தப் பத்தாண்டிலும் அடுத்த பத்தாண்டின் முதல் பாதியிலும் உலகெங்கும் ஏறத்தாழ 200 பேருக்கு மற்றவரின் மஜ்ஜையைச் செலுத்திப் பார்த்தார்கள். அவர்களில் நீண்ட காலம் பிழைத்தவர்கள் இல்லை என்றே சொல்லவேண்டும். பலர் இது நடக்காத காரியம் என்று கைவிட்டுவிட்டார்கள். தாமஸ் கைவிடவும் இல்லை, அதே வேகத்தில் மேலும் நோயாளிகளிடம் முயலவும் இல்லை. நாய்களிடம் திரும்பினார். எலியைவிட நாயின் உடல் இந்த விஷயத்தில் மனிதருக்கு நெருக்கமாக நடந்துகொண்டது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள் மஜ்ஜையை மாற்றியபோது சில நாய்கள் நன்றாகப் பிழைத்தன, சில இறந்தன. ஏன் என்று தேடியதில் திசுப் பொருத்தம் என்ற விடை தெளிந்தது. வந்தேறிய மஜ்ஜையின் வெள்ளணுக்கள் புது வீட்டின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்குவதை மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தால் தணிக்கலாம் என்பதையும் அந்த நாய்களே காட்டின. 1963இல் அவர் சியாட்டில் நகருக்குப் போனார். ஆராய்ச்சியில் மனைவி டோரதியும் கூடவே இருந்தார்.

1960களின் முடிவில்தான் அவருடைய குழு மீண்டும் மனிதரிடம் வந்தது. இம்முறை திசுப் பொருத்தம் பார்த்த உடன்பிறந்தவர்களின் மஜ்ஜையோடு. 1977இல் வெளியிட்ட கணக்கு: வேறு வழியே இல்லாத நிலையில் வந்த 100 ரத்தப் புற்றுநோயாளிகளில் 13 பேர் நோயின்றி உயிரோடு இருந்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று என்பதைத் தோல்வி என்று படிப்பவர்கள் உண்டு. வார்டில் நின்று பார்த்தவர்களுக்கு அது வேறு ஒன்றைச் சொன்னது. நோய் முற்றி உடல் தளர்ந்தவர்களில்கூட 13 பேர் தேறுகிறார்கள் என்றால், நோய் அடங்கியிருக்கும்போதே செய்தால்? அப்படிச் செய்தபோது பாதிப்பேருக்கும் மேல் பிழைத்தார்கள். செல் மாறவில்லை. எப்போது கொடுப்பது என்பது மாறியது. அதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி போதாது. 1990இல் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த முதல் ஆறு பேரை, அந்த 200 பேரை நினைக்காமல் இந்த வெற்றியைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்றைய விதிமுறைகளின்படி அத்தனை முயற்சிகளுக்கு அனுமதி கிடைத்திருக்குமா என்பதும் நியாயமான கேள்வி. சாவு உறுதியான நோயில்தான் அந்தத் துணிவுக்கு இடம் இருந்தது. அந்தக் கதையைக் காட்டி, ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் முழங்கால் தேய்ந்தவருக்கும் ‘துணிந்து பார்க்கலாம்’ என்று இன்று ஒருவர் சொன்னால் அது தாமஸின் வழி ஆகாது.

நோயாளி ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதற்குப் பார்கின்சன் நோயின் கதையைப் பார்க்கவேண்டும். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் நோய் இது. கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தடுமாறும். ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1987இல், கருக்கலைப்பில் கிடைத்த கருத்திசுவிலிருந்து டோபமைன் செல்களை எடுத்து நோயாளிகளின் மூளையில் வைத்தார்கள். சிலருக்கு வியக்கத்தக்க முன்னேற்றம். மற்ற நாடுகளும் தொடங்கின. இந்த முன்னேற்றத்தில் எவ்வளவு செல்லால் வந்தது, எவ்வளவு நம்பிக்கையால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அமெரிக்காவில் ஒரு கடுமையான சோதனை நடத்தினார்கள். 40 நோயாளிகள். பாதிப் பேருக்கு மண்டையில் துளையிட்டுச் செல் வைத்தார்கள். மீதிப் பேருக்குத் துளை மட்டும், செல் இல்லை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது.

2001இல் முடிவு வந்தது. நோயாளிகள் தம் நிலை பற்றித் தாமே தந்த மதிப்பீட்டில் இரு தரப்புக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 60 வயதுக்கு உட்பட்டோரிடம் மட்டும் மருத்துவ அளவீடுகளில் ஓரளவு பயன் தெரிந்தது. அதோடு, செல் வைத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குப் பின், மருந்தைக் குறைத்தாலும் அடங்காத, கட்டுப்பாடற்ற உடல் அசைவுகள் வந்தன. வெறும் துளை போட்டதைக் கொடுமை என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் வலு உண்டு. ஆனால் அந்தச் சோதனை நடக்காமல் போயிருந்தால், அரைகுறையான ஒரு சிகிச்சை ஆயிரக்கணக்கான மூளைகளுக்குள் போயிருக்கும்.

பிறகு நடந்ததுதான் அழகு. கருத்திசுவில் எல்லா வகைச் செல்லும் கலந்து வருகிறது, ஒவ்வொரு முறையும் அளவு மாறுகிறது, கொடுக்கும் நோயாளிகளின் நிலையும் ஒரே மாதிரி இல்லை என்ற குறைகளை எடுத்துக்கொண்டு மருத்துவ விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்கள். நியூயார்க்கில் ஸ்விட்சர்லாந்துக்காரரான மருத்துவர் லோரன்ஸ் ஸ்டூடர், கருநிலை ஸ்டெம் செல்லிலிருந்து சரியான டோபமைன் செல்லை வளர்க்கும் வழியைப் பல ஆண்டுகள் தேடிக் கண்டார். இளம் வயதில் ஸ்விட்சர்லாந்தில் கருத்திசு மாற்று முயற்சியில் அவரே ஈடுபட்டிருந்தார். கியோட்டோவில் ஜுன் தகஹாஷி, ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த கலவையில் தேவையானவற்றை மட்டும் பிரித்தெடுத்து, குரங்குகளில் இரண்டு ஆண்டு வரை பார்த்து, 2018இல் மனிதர்களிடம் வந்தார். இரு குழுக்களின் முடிவுகளும் 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வெளியாயின. கியோட்டோவில் ஏழு நோயாளிகள். கடுமையான பக்கவிளைவு இல்லை, கட்டி இல்லை. பயனை அளந்த ஆறு பேரில் நால்வருக்கு, மருந்து எடுக்காத நேரத்து உடலசைவு மேம்பட்டிருந்தது. நியூயார்க் குழுவினரின் ஆய்வில் பன்னிரண்டு பேர். இவற்றில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி அறுவை தரப்பு இல்லை. 2001இன் பாடம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதைத் தீர்க்க வேண்டிய பெரிய சோதனையே அடுத்த கட்டம்.

எல்லா நேரமும் ஆய்வுக்கூடம் பெரிதாகிக்கொண்டே போகவேண்டும் என்பதில்லை. நோயாளியின் பக்கத்தில் நிற்கும் மருத்துவர், ஆய்வுக்கூடமே வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் அப்படி ஒன்று நடந்தது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அமுக்கி விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் தெறிக்கிறது. சுண்ணாம்பு கருவிழியின் விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்களை அழித்துவிடும். பிறகு வெள்ளை விழிப்படலம் மெல்லக் கருவிழியின் மேல் படர்ந்து, பார்வை மறையும். கண் தானத்தில் கிடைத்த கருவிழியை வைத்தாலும் நிற்காது. அதைப் புதுப்பிக்க விளிம்பில் செல் இல்லையே. தொழிற்சாலை அமிலமும் பட்டாசும் இதே பாதிப்பைச் செய்வதுண்டு.

நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து துளியளவு எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சுமார் இரண்டு வாரம் வளர்த்து, கெட்ட கண்ணில் வைக்கும் முறை இத்தாலியிலிருந்து பரவியிருந்தது. ஹைதராபாத்தில் 2001 முதல் அதைச் செய்தார்கள். 2011இல் 200 நோயாளிகளின் பத்தாண்டுக் கணக்கை வீரேந்தர் சங்வான் குழு வெளியிட்டது. 71 சதவீதம் வெற்றி. வளர்ப்பதற்கு அதிசுத்தமான அறைகள், பயிற்சி பெற்ற ஆட்கள், லட்சங்களில் செலவு. இது மாவட்டத் தலைநகருக்கு ஒருநாளும் வராது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அறுவை அரங்கிலேயே, 2 மில்லிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றை எடுத்து, எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்கி, பனிக்குடச் சவ்வு விரித்த கண்ணின் மேல் இடைவெளிவிட்டுப் பரப்பி, ரத்தப் புரதத்தால் ஆன பசையால் ஒட்டிவிட்டால்? செல்கள் கண்ணிலேயே வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. 2012இல் இதைப் பற்றி எழுதினார்கள். 2016இல் வெளியிட்ட 125 கண்களின் கணக்கில் 76 சதவீதம் வெற்றி. பல நாடுகளில் இன்று இந்த முறையைச் செய்கிறார்கள். பத்தாண்டு செல் வளர்த்துப் பார்த்ததால்தான், வளர்க்கத் தேவையில்லை என்பதும் அவர்களுக்குப் புரிந்தது.

நமக்குப் பக்கத்தில், வேலூர். சி.எம்.சி. மருத்துவமனையில் மாம்மன் சாண்டி 1986இல் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கினார். அதே வளாகத்தில் பின்னர் ஸ்டெம் செல் ஆய்வு மையம் ஒன்று அமைந்தது. ஹீமோபிலியா என்ற ரத்தம் உறையாக் குறைபாட்டுக்கு அலோக் ஸ்ரீவஸ்தவா பல்லாண்டு அங்கே சிகிச்சை அளித்து, உலக அளவிலான சிகிச்சை நெறிமுறைகளைத் தொகுத்தவர்களில் முதன்மையானவர். இந்த நோயின் ஏ வகையில் எட்டாம் காரணி என்ற புரதம் உடலில் போதிய அளவு உண்டாவதில்லை. அதை வெளியிலிருந்து ஊசியாக ஆயுள் முழுக்கப் போடவேண்டும். பலருக்கு வேண்டிய அளவு கிடைப்பதில்லை. மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து இளம் வயதிலேயே மூட்டு முடங்கிவிடும். மேலைநாடுகளில் வந்த மரபணு சிகிச்சை, வைரஸ் வழியாகக் கல்லீரலுக்கு மரபணுவைக் கொண்டுபோகிறது. அந்த வைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு உள்ளவர்களுக்கும் கல்லீரல் பாதித்தவர்களுக்கும் அது கதவைச் சாத்திவிடும்.

வேலூர் குழுவும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வேறு வழியில் போனார்கள். நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, அதில் எட்டாம் காரணிக்கான மரபணுவை ஏற்றி, கீமோதெரபியால் மஜ்ஜையில் இடம் உண்டாக்கி, திரும்பச் செலுத்துவது. அந்த மரபணுவில் பன்றியின் எட்டாம் காரணியின் ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்கள். அதனால் புரதம் அதிகமாகச் சுரக்கிறது. 22 முதல் 41 வயது வரையான ஐந்து பேருக்குச் செய்தார்கள். முதல் இருவருக்கு அளவு குறைவாக வந்தது. மரபணு செல்லுக்குள் போவதைக் கூட்டும் ஒரு பொருளை அடுத்த மூவருக்குச் சேர்த்தபோது அளவு பலமடங்கு உயர்ந்தது. 2024 டிசம்பரில் முடிவு வெளியானபோது, கண்காணித்த காலத்தில் ஐந்து பேருக்கும் ரத்தக் கசிவு வரவில்லை. ஐந்து பேர் என்பது சிறிய எண். மரபணுவைச் செல்லில் பொருத்தும் எந்த முறையிலும், பொருந்திய இடம் பிற்காலத்தில் தொல்லை தருமா என்பதைப் பல ஆண்டுகள் பார்த்தாகவேண்டும். மஜ்ஜை மாற்றை நாள்தோறும் செய்துவந்த கைகள் இல்லாமல் இந்த ஆய்வை யோசித்திருக்கவே முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் எங்கும் குறைவு. 1979லேயே அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் வைன்கார்டன், இவர்கள் அழியும் இனம் என்று கட்டுரை எழுதினார். நம் ஊரில் எம்.டி., டி.எம். முடித்த ஒருவருக்குக் காத்திருக்கும் நோயாளி வரிசையைப் பார்த்தாலே காரணம் விளங்கும். பத்து ஆண்டு உழைத்து ஒரு முடிவும் கிடைக்காமல் போகக்கூடிய வேலைக்கு, வாரத்தில் இரண்டு நாளாவது வார்டிலிருந்து விடுவித்து, சம்பளமும் ஆய்வுக்கூடமும் கொடுக்கவேண்டும். அதைச் செய்ய மனம் வைக்கும் நிறுவனங்கள் சிலவே.

அவர்கள் குறைவாக இருக்கும் இடத்தை மற்றவர்கள் நிரப்புகிறார்கள். ஆட்டிசம், மூளை வாதம், தண்டுவடக் காயம், நீரிழிவு என்று எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி போடுவதாகச் சொல்லும் விளம்பரங்கள் நம் ஊரிலும் உண்டு. குழந்தைக்காக வீட்டை விற்கவும் தயாராக இருக்கும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது சில செய்திகள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் வழக்கமான மருத்துவம் ஆகா. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே செய்தால் அது தவறான மருத்துவம். அதன்பின் ஒரு தயாரிப்பு தனியாக மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெற்றால் அது வேறு. அந்த ஒப்புதல் எந்த நோய்க்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தைக் குழந்தையின் சொந்த எதிர்காலத் தேவைக்கென்று பணம் கட்டித் தனியாரிடம் சேமிப்பதற்கும் அந்த நெறிமுறைகள் அறிவியல் ஆதாரம் இல்லை என்கின்றன.

‘இது ஆய்வு’ என்று சொன்னால், இந்தியக் கிளினிக்கல் ட்ரயல் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் யாரும் அதைத் தேடிப் பார்க்கலாம். பதிவு இருந்தால் மட்டும் போதாது. ஃப்ளோரிடா கிளினிக்கின் பெயரிலும் அமெரிக்கப் பதிவேட்டில் ஓர் ஆய்வு பதிவாகித்தான் இருந்தது. நெறிமுறைக் குழு எது, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி உண்டா, இதே செல்லை இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், அவர்களை எத்தனை ஆண்டு பார்த்தீர்கள், முடிவை எந்த இதழில் வெளியிட்டீர்கள் என்று கேளுங்கள். இந்த நோயை வழக்கமாகப் பார்க்கும் சிறப்பு மருத்துவர் குழுவில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். மூளை வாதத்துக்கும் முழங்காலுக்கும் கண்ணுக்கும் ஒரே மருத்துவர் ஒரே செல்லைக் கொடுக்கிறார் என்றால் எழுந்து வந்துவிடலாம். எனக்கு யாரும் கேட்டால் முதலில் சொல்வது பணத்தைப் பற்றித்தான். ஆய்வுக்காக நோயாளியின் உடலில் செலுத்தும் செல்லுக்கு நோயாளியிடமே கட்டணம் வாங்கக் கூடாது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்து மற்றும் கிளினிக்கல் ட்ரயல் விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டியது ஆய்வை நடத்துபவரின் கடமை. கையெழுத்துக் கேட்கும் ஒப்புதல் படிவத்தில் இது எழுதப்பட்டிருக்க வேண்டும். படிவம் தமிழிலும் கிடைக்கவேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.